குட்டிக் கம்பியில் கட்டிய முடிச்சு

ஜாக்கியை அழுத்த அழுத்த, ஜீப்பின் முன்சக்கரம் மெல்லத் தரையை விட்டு எழும்பியது. எழும்பியதுதான் தாமதம், யாரும் தொடாமலே அந்தச் சக்கரம் விசுக்கென்று கால்வாசி சுற்றி நின்றது.

என்ஜின் ஓடவில்லை. காற்றுகூட அடிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர், ஸ்பானர்களைச் சாக்கில் பரப்பிக்கொண்டு நான், கொஞ்சம் தள்ளி மீன் செதிலைச் சீவிக்கொண்டு என் நாத்தனார்.

"இன்னாமே, நீ தொட்டியா?" என்றார் அவர்.

"நான் இங்க கீறேன். என் கை இன்னா அவ்ளோ நீளமாங்க?"

நாத்தனார் அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சக்கரத்தையே பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"நான்தான் சொல்லிக்கினே கீறேனே. முடிச்சு வேலை செய்து. வண்டிக்குக் கிளம்பற அவசரம் வந்துட்ச்சி. சேதி வரப் போவுது, பாத்துக்கினே இரு."

எனக்கு அன்றைக்கு வந்த பயம் பேய் பயம் இல்லை. சக்கரம் ஏன் சுற்றியது என்று எனக்குப் பாதி புரிந்துவிட்டது. அதைச் சொன்னால் இவள் முகம் என்ன ஆகும் என்ற பயம்தான்.

மிராசு வீடு இல்லை

போன வாரம் இந்தப் பத்தியில் போகிற போக்கில் "எங்கள் ஜீப்" என்று எழுதிவிட்டேன். அந்தக் காலத்திலேயே ஜீப்பா, பெரிய மிராசு வீடோ என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மிராசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓலை வீடு. மழை பெய்தால் எங்களுக்கு முன்னால் ஜீப்பைத்தான் தார்ப்பாய் போட்டு மூடுவோம்.

உலக யுத்தச் சண்டை முடிந்ததும் பட்டாளத்து வண்டிகளை ஏலத்தில் தள்ளிவிட்டார்கள். அதில் ஒன்று நாலைந்து கை மாறி எங்களிடம் வந்தது. அண்ணியின் வளையலும் என் வளையலும் சேர்ந்து நாலு சக்கரமாக மாறின. அண்ணி என்று நான் சொல்வது என் நாத்தனார் தனக்கோட்டியைத்தான். என் வீட்டுக்காரர் மாணிக்கத்துக்கு மூத்தவள். தாய் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அதனால் வளையலைக் கழற்றும்போது நான் கொஞ்சம் முனகினேன், அவள் முனகவில்லை.

நான் திருவள்ளூர்க்காரி. "மாப்பிள்ளைக்கு மோட்டார் வேலை" என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். வந்து பார்த்தால் பொன்னேரி ரைஸ் மில்லில் ஆயில் என்ஜின் பார்க்கிறவர். அதுவும் மோட்டார்தானே என்று என் நைனா சமாதானம் சொன்னார். ஒரே இடத்தில் நிற்கிற என்ஜினைப் பழகியவருக்கு, ஓடுகிற வண்டி பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது.

ஜீப்புக்குள் ஏறினால் பழைய கித்தான் வாசனையும் பெட்ரோல் வாசனையும் வரும். ஒரே மாதத்தில் அதெல்லாம் போய் இறால் வாசனை வந்து உட்கார்ந்துகொண்டது. பழவேற்காட்டில் சுல்தான் பாய் என்று ஒரு வியாபாரி. கரையில் இறாலைக் கூடையில் போட்டு, ஐஸும் உமியும் கொட்டித் தருவார். ஈர மணலில் மாட்டு வண்டி திணறும் இடத்தில் ஜீப் போகும். பொன்னேரி ஸ்டேஷனில் வேறு ஆட்கள் முன்னமே இடம் பிடித்திருந்ததால், கவரைப்பேட்டைக்குக் கொண்டுவந்து, கூடூரிலிருந்து பட்டணம் போகிற காலைப் பாசஞ்சரில் ஏற்றவேண்டும். அதுதான் எங்கள் பிழைப்பு.

மஞ்சள் துணி

அந்த ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் இருக்கும். அதில் ஒன்றை இழுத்தால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். மணலுக்கும் சேற்றுக்கும் அது. இன்னொன்று வேகத்தைக் குறைத்து பலத்தைக் கூட்டுவதற்கு. விற்றவர் இதைச் சொல்லித்தான் கொடுத்தார்.

முதல் நாள் அண்ணியும் எங்களோடு பழவேற்காட்டுக்கு வந்தாள். கரை மணலில் நாலு சக்கரமும் இழுக்க, வண்டி கப்பல் மாதிரி ஏறி நின்றது. அப்போது அவள் இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தாள். அதில் ஒரு வெள்ளி ரூபாயை வைத்து, திருப்பதி மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, இழுத்த குட்டிக் கம்பியை அப்படியே இன்னொன்றோடு சேர்த்துக் கட்டி முடிச்சுப் போட்டாள்.

காசு முடிந்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேண்டுதல் நிறைவேறிய பிறகுதான் அவிழ்த்து மலைக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவில் அவிழ்த்தால் வேண்டியதைத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

வேண்டுதல் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். அண்ணியின் புருஷன் சண்டைக் காலத்தில் கல்கத்தா பக்கம் கப்பல் துறையில் கூலி அதிகம் என்று வடக்கே போன ரயிலில் ஏறினவர். கொஞ்ச நாள் பணம் வந்தது. பிறகு அங்கே குண்டு போட்டார்கள் என்று சொன்னார்கள். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

அண்ணி பொட்டை அழிக்கவில்லை. காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொள்வாள். கல்யாணம் காட்சி என்றால் சில பெண்கள் அவள் நெற்றியைப் பார்ப்பார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "சாமிக்கு முடிஞ்சி வச்சிக்கீறேன்" என்று அவள் ஒரே வார்த்தையில் எல்லார் வாயையும் அடைத்துவிடுவாள். முடிச்சு இருக்கிறவரை அவர் உயிரோடு இருந்தார், இவள் சுமங்கலியாக இருந்தாள். இவ்வளவும் அந்த மஞ்சள் துணியில் இருந்தது.

தினமும் வண்டி கிளம்பும்போது அவள் வந்து அந்தத் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். முன்சக்கரம் எப்போதும் சேர்ந்து இழுத்தால் என்ன நஷ்டம், கொஞ்சம் பெட்ரோல் கூடப் போகும், அவ்வளவுதானே என்று என் வீட்டுக்காரர் விட்டுவிட்டார்.

டங்

முதலில் லேசாகத்தான் ஆரம்பித்தது. கிளம்பும்போது வண்டிக்கு அடியில் ஒரு "டங்". காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் இன்னொரு "டங்". போகப் போக, பித்தளை அண்டாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட சத்தம். திருப்பத்தில் ஸ்டியரிங் திரும்ப மறுக்கும். சத்தத்தை வைத்தே, எங்கள் வண்டி வருவதைப் பார்க்காமலே ஸ்டேஷன் போர்ட்டர் கூடைக்குச் சீட்டுப் போட்டுவிடுவார்.

பட்டறைக்குக் கொண்டுபோக வசதி இல்லை. முருங்கை மரத்தடிதான் பட்டறை. என் வீட்டுக்காரர் அடியில் மல்லாந்து படுப்பார். என்ஜின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு நீள ஷாஃப்ட். கையால் பிடித்துத் திருப்பினால் கடகடவென்று ஆடும். "பாரு, எவ்ளோ பிளே கீது" என்பார். நானும் குனிந்து பார்த்து, தெரிந்த மாதிரி தலையாட்டுவேன். பிறகு நிஜமாகவே தெரிந்துகொண்டேன். எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று அவர் கேட்பதற்குள் கொடுத்துவிடுவேன்.

ஷாஃப்ட் முனையில் சிலுவை மாதிரி ஒரு இரும்பு இருக்கும். கிராஸ் என்பார்கள். அது தேய்ந்திருந்தது. பட்டணத்தில் பழைய சாமான் கடையில் தேடி மாற்றினோம். சத்தம் கொஞ்சம் அடங்கி, மறுவாரம் திரும்ப வந்தது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடு கொடுத்து முட்டுக் கொடுத்தோம். நட்டையெல்லாம் முறுக்கினோம். கிரீஸை அள்ளி அப்பினதில் என் கல்யாணப் புடவையில் ஒன்று கறுத்துப்போனது. அந்தக் கிரீஸ் வாசனை இப்போதும் எங்காவது வந்தால் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. மல்லிகைப்பூவுக்கு அப்படி ஆவதில்லை, என்ன செய்ய?

அண்ணி மட்டும் சலிக்கவே இல்லை. "முடிச்சு கீது, வண்டிக்கு ஒண்ணும் ஆவாது" என்பாள். செருப்பு கடிக்கிறதென்று காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தோம் நாங்கள்.

பாயின் கூடைகள்

ஒருநாள் தச்சூர் பக்கம் தார் ரோட்டில் பின் ஷாஃப்டின் கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் கழன்று தொங்கியது. அதைக் கம்பியால் தூக்கிக் கட்டி, முன்சக்கரம் மட்டும் இழுக்க, வண்டி ஊர்ந்து வந்து சேர்ந்தது. அதற்குள் ரயில் போய்விட்டது. வெயில் ஏற ஏற, கூடைகளிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அன்றைய இறால் முழுக்கக் கெட்டது.

சுல்தான் பாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து, அண்ணி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டார்.

"மாணிக்கம், உன் மேல கோவம் இல்லப்பா. ஆனா தெனம் இந்த பேஜாரு எனக்கு முடியாது. இன்னொரு வாட்டி ரயிலு தவறுச்சுன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன். தப்பா நெனைக்காத."

அவர் போனதும், முன்னே கழற்றிப் போட்ட பழைய கிராஸையே போட்டு, அன்றிரவே ஷாஃப்டை மாட்டினோம். மறுநாள் நான் பிடிவாதமாக வண்டியில் ஏறினேன். பின்னால் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தகரத் தரையில் கையை வைத்துக்கொண்டேன். சத்தம் எங்கே பிறக்கிறது என்று கைக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

தெரிந்தது வேறு. பழவேற்காட்டு மணலில் வண்டி பூனை மாதிரி போனது. கப்பி ரோட்டில் லேசாக முனகியது. தார் ரோட்டில் ஏறியதும் தரை என் உள்ளங்கையில் இடிக்க ஆரம்பித்தது. நல்ல ரோட்டில் கெட்டுப்போகிற வண்டியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கடுத்த நாள்தான் ஜாக்கியில் ஏற்றிய சக்கரம் தானாகச் சுற்றியது.

பிழிந்த புடவை

ஈரப் புடவையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழிவோம் இல்லையா. ஒருத்தி கையை விட்டால் முனை விசுக்கென்று தானாகச் சுற்றும். அண்ணியும் நானும் வாரம் முழுக்கச் செய்கிற வேலை. சக்கரம் சுற்றியது அதே மாதிரிதான் இருந்தது. அப்படியென்றால் யாரோ வண்டியை முறுக்குகிறார்கள்.

பூக்கட்ட வைத்திருந்த நூலை எடுத்துவந்து முன்சக்கரத்தைச் சுற்றி அளந்தேன். பிறகு பின்சக்கரத்தை அளந்தேன். முன்னால் இரண்டும் புது டயர். பின்னால் இரண்டும் வழுக்கை. பின்சக்கரத்தைச் சுற்றியதும் நூல் நாலு விரல் மிச்சம் இருந்தது.

"இன்னாங்க, பெரிய சக்கரமும் சின்ன சக்கரமும் ஒரே தூரம் போவணும்னா, சின்னது கூட சுத்தணுமா இல்லியா?"

"ஆமா."

"உள்ள ரெண்டையும் சேத்துக் கட்டிக்கீது. அது எப்டி கூட சுத்தும்?"

அவர் நூலைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். "மணல்ல வழுக்கி சரி பண்ணிக்கும்" என்றார் மெதுவாக. "தார் ரோட்ல வழுக்காது. முறுக்கிக்கினே போவும். எங்கியாவது தெறிச்சாதான் விடும்."

அதுதான் அந்த "டங்". ஷாஃப்ட் தேய்ந்ததும் கிராஸ் உடைந்ததும் அதனால்தான். மருந்து ஒன்றே ஒன்றுதான். தார் ரோட்டில் முன்சக்கரத்தை விடுவிக்கவேண்டும். அதற்குக் குட்டிக் கம்பியைத் தள்ளவேண்டும்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வண்டிக்குள் எட்டிப்பார்த்தோம். மஞ்சள் துணி, அழுக்கும் கிரீஸும் ஏறி, கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கிடந்தது.

அண்ணி அதற்குள் மீனை அலசிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

ரம்பம்

சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே போய் ரம்பத்தை எடுத்துவந்தார். கம்பிகளின் தலையில் இருக்கிற குமிழை அறுத்துவிட்டால், முடிச்சை அவிழ்க்காமலே அப்படியே மேலே உருவிவிடலாம் என்பது அவர் யோசனை. தம்பி புத்தி. அக்கா மனசும் நோகக்கூடாது, வண்டியும் ஓடவேண்டும்.

ரம்பம் இரண்டு இழுப்பு இழுத்திருக்கும். அண்ணி வந்து நின்றாள்.

"இன்னா பண்றே?"

அவர் ரம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன். நூலைக் காட்டினேன், புடவையைச் சொன்னேன், சக்கரம் சுற்றியது சேதியால் இல்லை, முறுக்கால் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"அப்போ என் முடிச்சுதான் வண்டிய ஒடிக்குதா?"

"அண்ணி, அப்டி இல்ல."

"அப்டித்தான் சொல்றே. நல்லாத்தான் சொன்னே, எதுக்கு முழுங்கறே?" தம்பி பக்கம் திரும்பினாள். "அத்த கீழ வை. கம்பிய அறுத்து உருவினா சாமிக்குத் தெரியாதா? யார ஏமாத்தறே?"

வண்டியில் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். முருங்கைப்பூ ஒன்றிரண்டு அவள் தோளில் விழுந்தது. தூரத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று வடக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்குகிறவரை அவள் அசையவில்லை.

பிறகு முடிச்சில் நகத்தை வைத்தாள். கிரீஸில் ஊறி இறுகிய முடிச்சு. லேசில் வரவில்லை. நான் கை கொடுக்கப் போனேன். "நான் கட்டினது" என்றாள். பல்லால் கடித்து இழுத்தாள். வந்தது.

"அக்கா, அவுத்துட்டியே" என்றார் அவர். சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது.

"வண்டி ஒடிஞ்சி கெடந்தா, அவரு வந்து எறங்கினா எதுல கூட்டிக்கினு வருவே? நடக்கவா வுடுவே?"

காசை எடுத்துப் புடவையில் துடைத்தாள். ராஜா தலை போட்ட ரூபாய். அதைத் தன் முந்தானை முனையில் வைத்து, இறுக்கி முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கம்பியைத் தள்ளினால் நகரவில்லை. சக்கரம் சுற்றியது போக மிச்சம் இருந்த முறுக்கு அதைப் பிடித்து வைத்திருந்தது. ஜாக்கியை இறக்கி, வண்டியை ரிவர்ஸில் இரண்டு முழம் பின்னால் எடுத்தார். எங்கள் வீட்டில் வண்டி கிளம்பும்போது பின்னால் போகக்கூடாது என்று சகுனம் பார்ப்போம். எப்போதும் தெருவைப் பார்த்து நிறுத்தி, முன்னால்தான் எடுப்போம். அதனால்தான் ஏறிய முறுக்கு இறங்க ஒரு நாளும் வழி கிடைக்கவில்லை போலிருக்கிறது. பின்னால் போனதும், கம்பி வெண்ணெயில் விட்ட கத்தி மாதிரி தானாக நழுவியது.

காலைப் பாசஞ்சர்

மறுநாள் விடியலில் அவர் வண்டியை எடுக்கும்போது, தொட்டு ஒற்றிக்கொள்ளத் துணி இல்லை. அண்ணி குளித்து, வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு வந்து, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க, அக்கா?"

"ஸ்டேஷனுக்கு. முடிச்ச வண்டியில கட்டிட்டு நான் ஊட்ல குந்திக்கினு இருந்தேன். இனிமே நானே போய்ப் பாத்துக்கறேன். வண்டிய எடு."

பழவேற்காடு போய் கூடை ஏற்றி, தச்சூர் தார் ரோட்டில் திரும்பினோம். நானும் பின்னால் இருந்தேன். தரையில் கையை வைத்துப் பார்த்தேன். என்ஜின் அதிர்வு மட்டும்தான் இருந்தது. அடியில் அத்தனை நாள் கத்திக்கொண்டிருந்தது ஓய்ந்துபோயிருந்தது. பாயின் கூடைகள் அதன் பிறகு ஒரு நாளும் ரயிலைத் தவறவிடவில்லை.

அன்றிலிருந்து தினமும் அண்ணி வந்தாள். கூடைகள் ஏறும். வடக்கிலிருந்து வந்தவர்கள் இறங்குவார்கள். அவள் வண்டியில் இருந்தபடியே, இடுப்பு முடிச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராகப் பார்ப்பாள். கார்டு கொடியைக் காட்டி, கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைந்த பிறகு "சரி, வா, நாஷ்டாவுக்கு நேரமாச்சி" என்பாள். அவள் பொட்டைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை. தினம் ஸ்டேஷனுக்குப் போகிறவளிடம் என்ன பேசுவார்கள்?

கவரைப்பேட்டையை அடுத்த கும்மிடிப்பூண்டி பக்கம் இன்றைக்குத் தொழிற்சாலைகளும், ரோடு முழுக்க டிரெய்லர் லாரிகளும். எங்கள் ஜீப் ஓடிய ரோடு எது என்று எனக்கே அடையாளம் தெரிவதில்லை. ஸ்டேஷன் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

அண்ணி பொட்டோடுதான் கண்ணை மூடினாள். அவள் புருஷன் கடைசிவரை வரவில்லை. முந்தானையை அவிழ்த்து, அந்த ரூபாயை நாங்கள் இரண்டு பேரும் மலைக்குக் கொண்டுபோய் உண்டியலில் போட்டோம்.

அதற்கு அடுத்த வாரம் நானும் வண்டியில் போயிருந்தேன். கூடைகளை ஏற்றியாகிவிட்டது. எங்களுக்கு அங்கே வேறு வேலை இல்லை. என் வீட்டுக்காரர் என்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ரயில் நின்று, கிளம்பி, கடைசிப் பெட்டியும் போனது. ஏன் இன்னும் நிற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. இறங்குகிறவர்களை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.